தச்சர் சூசையின் ஒன்பது பெண்கள்

ராயபுரம் அடைக்கல மாதா பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு நூற்றிருபத்தைந்து வயது ஆகப்போகிறது என்று தெரிந்ததும், எல்லோரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். ஒரு குழு அமைத்தார்கள். குழு கூடியதும் விழா மலர் போடுவது என்று முடிவாயிற்று. மலர் என்றால் முன்பக்கத்தில் பள்ளியின் வரலாறு வேண்டும். அது மட்டும் யாரிடமும் இல்லை.

ஒரு பீரோ இருந்தது. கடற்காற்றில் கீல் இறுகிப்போன அந்த இரும்பு பீரோவைக் கம்ப்யூட்டர் டீச்சர் சௌமியா தேங்காய் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் காத்திருந்து திறந்தாள். உள்ளே மாணவியர் சேர்க்கைப் பதிவேடுகள். முதல் நான்கைக் கரையான் படித்து முடித்திருந்தது. ஐந்தாவதிலிருந்து மனிதர்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது. அதில்தான் சௌமியா அவரைக் கண்டுபிடித்தாள்.

தந்தை பெயர்: சூசை. தொழில்: தச்சு வேலை. முகவரி: பள்ளி வளாகம், பின்கட்டு.

ஒரு முறை இல்லை, ஒன்பது முறை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றுக்கும் எழுபத்திரண்டுக்கும் நடுவில் ஒன்பது பெண்பிள்ளைகள், ஒரே தகப்பன், ஒரே உளி. குழு சொக்கிப்போனது. அதுவரை கிடைத்த வரலாற்றில் கப்பலில் வந்த கன்னியர்கள் இருந்தார்கள், ஆயர்கள் இருந்தார்கள், நாடா வெட்டிய பிரமுகர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு ஏழை மட்டும் குறைந்தார். ஒன்பது பெண்களையும் படிக்க வைத்த ஏழைத் தச்சர் கிடைப்பார் என்று யாரும் கனவுகூடக் கண்டிருக்கவில்லை.

ஒன்பதில் ஒருத்தி இருக்குமிடம் எல்லோருக்கும் தெரியும். எமரன்சியா. அதே பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் தையல் டீச்சராக இருந்து, ஓய்வு பெற்று, திருவொற்றியூரில் ஒற்றை அறையும் சமையற்கட்டுமாகத் தனியே இருப்பவள். சௌமியா போன் போட்டாள்.

"டீச்சர், உங்க அப்பா பேரு சூசைதானே?"

எமரன்சியா, "பதிவேட்டுல அப்படித்தாம்மா இருக்கும்" என்றாள்.

"தச்சு வேலையா டீச்சர்?"

"அதுவும் இருக்கும்."

"நாளைக்கு வாங்க டீச்சர், ப்ளீஸ். எங்களுக்கு ஒரே எக்சைட்மென்ட்."

மறுநாள் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை எமரன்சியா நான்கு வாக்கியமாகச் சுருக்கி வைத்துக்கொண்டாள். அந்தச் சூசை நீங்கள் நினைக்கிற சூசை இல்லை. பின்கட்டில் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதி இருந்தது. படிவத்தில் தகப்பன் பெயர் இல்லாவிட்டால் அரசாங்கம் திருப்பி அனுப்பியது. அதனால் மதர் கபிரியேல் எங்கள் ஒன்பது பேருக்கும் புனித சூசையப்பரை எழுதிவிட்டார். அவ்வளவுதான். தண்டையார்பேட்டை வருவதற்குள் நான்கு வாக்கியமும் மனப்பாடம் ஆகிவிட்டன.

மதர் கபிரியேல் பெல்ஜியத்துக்காரர். பொய் சொல்வது பாவம் என்பதில் உறுதியானவர். ஆகவே பொய்யைக்கூட ஆதாரத்தோடு எழுதினார். சூசையப்பர் என்ன தொழில்? தச்சர். எங்கே இருக்கிறார்? பின்கட்டுச் சிற்றாலயத்தில், வாசலுக்கு வலது பக்கம், இடது காலில் பெருவிரல் உடைந்த சிலையாக நிற்கிறார். எனவே முகவரி பள்ளி வளாகம். கல்வி அதிகாரி வந்து கேட்டிருந்தாலும் மதர் கபிரியேல் நேரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பார்.

பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதிலும் அதே கறார். பிள்ளை எந்த நாளில் வந்து சேர்ந்ததோ அதுதான் பிறந்த நாள். அன்றைக்கு எந்தப் புனிதரின் திருநாளோ அதுதான் பெயர். எமரன்சியாவைப் பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி கழுவப் போனவர்கள் இருக்கைக்கு அடியில் கண்டெடுத்தார்கள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று, ஜனவரி இருபத்து மூன்று. மூன்று நாள் கழித்து இன்னொன்று வந்தது. அன்று தேசத்துக்குக் குடியரசு தினம். மதரின் நாட்காட்டியிலோ பொலிகார்ப்பு என்ற கிழட்டு ஆயரின் திருநாள். ஆண் புனிதர் வந்து விழுந்தால் பின்னால் ஓர் 'அம்மாள்' சேர்ப்பது வழக்கம். அப்படித்தான் உலகத்தில் ஒரு பொலிகார்ப்பம்மாள் உண்டானாள்.

பள்ளியில் தலைமையாசிரியை சிஸ்டர் லீமா, மேசைக்கு அந்தப் பக்கம் சிரித்த முகத்தோடு இருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், இங்கே வந்து மூன்று வருஷம். விடுதியின் ஏடுகளெல்லாம் அது மூடப்பட்டபோதே தலைமை மடத்துக்குப் போய்விட்டதால், பின்கட்டு என்றால் அவருக்கு உடைந்த பெஞ்சு போடும் இடம். பக்கத்தில் பழைய மாணவியர் சங்கத் தலைவி சாபிரா. வண்ணாரப்பேட்டையில் செருப்புக்கடை. குழுவில் தெளிவாக முடிவெடுக்கக் கூடியவர் அவர் ஒருவர்தான், அதனால் பெரும்பாலும் தப்பாகவே எடுப்பார்.

"வாங்க டீச்சர். வருஷக்கணக்கா எங்களுக்குக் காஜா எடுக்கச் சொல்லிக் குடுத்தீங்களே, உங்க அத்தாவப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா? இவ்ளோ பெரிய மனுஷர பெட்டியில போட்டுப் பூட்டி வெச்சுகினு கீறீங்க!"

"அப்பா நம்ம காம்பவுண்டுலயே இருந்தாராமே டீச்சர்?" என்றார் சிஸ்டர்.

"ஆமா சிஸ்டர். இங்கதான் இருந்தாரு." இன்னும் இருக்கிறார் என்பது தொண்டை வரை வந்தது.

"ஒரே ஒரு டவுட் டீச்சர்" என்று சௌமியா பதிவேட்டைத் திருப்பினாள். "நீங்க ஜனவரி இருபத்து மூணு. பொலிகார்ப்பம்மாள் அதே வருஷம் ஜனவரி இருபத்தாறு."

"ரெட்டப் புள்ளைங்க" என்றார் சாபிரா.

"மூணு நாள் வித்தியாசம் வருதே மேடம்."

"பிரசவம்னா இன்னா ஜிப் இழுக்குற மாதிரின்னு நெனச்சியா? எங்க சாச்சி ரெண்டு நாள் வலியில கெடந்தாங்க."

"கிளார்க் தப்பா எழுதியிருப்பாங்க" என்று சிஸ்டர் தீர்ப்புச் சொன்னார். இருவருக்கும் இருபத்தாறு என்று சௌமியா பென்சிலால் குறித்துக்கொண்டாள். வரலாற்றின் மேல் உள்ள பிரியம் கழித்தல் கணக்குப் போடாது. இன்னும் இரண்டு பேருக்கு நடுவில் ஏழே மாத இடைவெளி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அறுபத்தோரு வயதில் மூன்று நாள் இளமை கூடி, ஒரு இரட்டைச் சகோதரியும் வாய்த்த எமரன்சியா, நான்கு வாக்கியத்தில் முதலாவதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சௌமியா சொன்னாள்:

"மத்த எட்டுப் பேரையும் தேடப்போறோம் டீச்சர். எல்லாப் பங்குக் கோயிலுக்கும் நோட்டீஸ் போகுது. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், எல்லாத்துலயும். 'தச்சர் சூசையின் மகள்களே, எங்கிருந்தாலும் வாருங்கள்'னு தலைப்பு. நல்லா இருக்கா?"

எமரன்சியா வாயை மூடிக்கொண்டாள்.

எழுபத்தைந்தில் விடுதியை மூடியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தையல் நன்றாக வந்ததால் அவளை மடத்திலேயே வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் ஒரே வாரத்தில் திருச்சிக்கும் தூத்துக்குடிக்கும் பெங்களூருக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். கட்டில்கள் கலைக்கப்பட்டு, எட்டுத் தகரப் பெட்டிகள் வாசலில் வரிசையாக நின்றது ஞாபகம் இருக்கிறது. கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த பள்ளி, முகவரி கொடுக்க மறந்துவிட்டது. கலியாணத்துக்குப் பின் அவர்களுக்கு என்ன பெயரோ, இருக்கிறார்களோ இல்லையோ. நாற்பத்தொன்பது வருஷமாக அவள் தேடாத வழியில்லை. ஆனால் இப்படி ஒரு வழி அவளுக்குத் தோன்றியதேயில்லை. அந்தத் தலைப்பின் அர்த்தம் உலகத்தில் ஒன்பது பேருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு அது ஒரு தச்சர். அவர்களுக்கு மட்டும் வாசல்மணி.

நான்கு வாக்கியத்தையும் சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தாள். நோட்டீஸில் 'பின்கட்டு அநாதைப் பெண்களே வாருங்கள்' என்று போடுவார்கள். பேரன் பேத்தி எடுத்த வயதில் எவள் அதற்குக் கையைத் தூக்குவாள்?

"நல்லா இருக்கும்மா" என்றாள்.

இப்படி உண்மை பேசியே ஊரை ஏமாற்றுவது அவளுக்குப் புதிதில்லை. எண்பத்தாறில் பெண் பார்க்க வந்த பிராங்கிளினின் அம்மா, "அப்பா இன்னா வேலம்மா?" என்று கேட்டாள். "தச்சு வேலைங்க. தவறிட்டாரு." "எப்போ?" "ரொம்ப நாளாச்சுங்க." ரொம்ப நாள் என்றால் ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷம். மாமியார் உச்சுக்கொட்டிவிட்டுச் சம்மதித்தாள்.

பிராங்கிளினுக்குத் துறைமுகத்தில் வின்ச் ஓட்டும் வேலை. அதிகம் பேசாத மனிதர். கலியாணமான இரண்டாவது வருஷம், மார்ச் பத்தொன்பதாம் தேதி, ஒரு பொட்டலம் ஜாங்கிரியோடு வந்தார். "இன்னா விசேஷம்?" என்று கேட்டதற்கு, "உங்க அப்பா திருநாளாச்சே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அப்பா பெயர்கொண்ட சூசையப்பரின் திருநாள் என்று சாதாரணமாகச் சொன்னாரா, எல்லாம் தெரிந்து சொன்னாரா? பிறகு ஒவ்வொரு மார்ச் பத்தொன்பதும் ஜாங்கிரி வந்தது. பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் அந்த ஒரு நாள்தான் தவறாத பண்டிகை. ஒவ்வொரு வருஷமும் கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் செத்துப்போனார். பதிலும் கூடவே போயிற்று.

நோட்டீஸ் போனது. எமரன்சியாவின் போன் எண்தான் தொடர்புக்கு. சமையற்கட்டுக்குப் போனாலும் குளிக்கப் போனாலும் போன் கூடவே போயிற்று. அடுத்த வீட்டுப் புஷ்பவல்லி இதைக் கவனித்தாள். புஷ்பவல்லிக்கு மீன் வியாபாரம். மாதா ஸ்கூலில் எட்டாவது ஃபெயில், அதைப் பட்டம் போலச் சொல்லிக்கொள்வாள்.

"இன்னா டீச்சரக்கா, போனும் கையுமா கீற? லவ்வு கிவ்வா?"

"அக்கா தங்கச்சிங்க போன் பண்ணுவாங்கன்னு பாக்கறேன்."

"உனுக்கு அக்கா தங்கச்சி கீதா? எட்டு வருசமா ஒரு நாய் கூட உன் வூட்டாண்ட வந்து நான் பாக்கல."

"எட்டுப் பேர் இருக்காங்க."

"அடங்கொப்புரானே! எட்டுப் பேரு இருந்துமா நல்ல நாள்ல என் வூட்டு வஞ்சிரத் துண்டத் துண்ணுகினு கீற?"

முதல் வாரம் மூன்று அழைப்பு வந்தது. ஒன்று கடன் அட்டை வேண்டுமா என்று. இன்னொன்று காசிமேட்டிலிருந்து, தன் அப்பா பெயரும் சூசைதான், ஆனால் அவர் வலை பின்னுபவர், பரவாயில்லையா என்று. மூன்றாவது தலைப்பு ரொம்ப நன்றாயிருப்பதாகப் பாராட்டிய சாபிரா.

இரண்டாவது வாரம் டிராயிங் மாஸ்டர் ஜெயவேல் வந்தார். சூசையின் புகைப்படம் இல்லாததால் படம் வரைந்து போடுவதாகக் குழு தீர்மானித்திருந்தது.

"சொல்லுங்க டீச்சர். அப்பா எப்படி இருப்பாரு?"

எமரன்சியா கண்ணை மூடினாள். "தாடி உண்டு. சின்னத் தாடி. நடு வகிடு."

"தாடியா? சரி."

"கையில எப்பவும் ஒரு குழந்தையத் தூக்கி வெச்சிருப்பாரு."

"ஒம்பது பேர்ல யாரு டீச்சர்?"

"பொண்ணு இல்ல. பையன்."

ஜெயவேலின் பென்சில் நின்றது. "பையன் வேற இருந்தாரா? பதிவேட்டுல இல்லையே."

"இது பொம்பளப் புள்ளைங்க ஸ்கூல் ஆச்சே."

"அட, ஆமா. அண்ணனா, தம்பியா?"

"அண்ணன்னுதான் சொல்லணும்."

"இப்ப எங்க இருக்காரு?"

"முப்பத்து மூணு வயசுலயே போயிட்டாரு."

"அடப்பாவமே" என்றார் ஜெயவேல். நிஜமாகவே வருந்தினார். முருக பக்தரான அவர் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து, ஐந்து கோயில் தேர்ப்பவனி பார்த்தவர்தான். இருந்தும் அந்தப் பையன் குழந்தை இயேசு என்று தோன்றவில்லை. எமரன்சியாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அதைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை என்பதும் வந்தது. பொலிகார்ப்பம்மாள் இருந்திருந்தால் இந்நேரம் மேசைக்கு அடியில் காலை மிதித்திருப்பாள்.

நாலாவது வாரம், ஒரு மத்தியானம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வாட்ஸ்அப் அழைப்பு, தெரியாத எண். ஒரு மரச்சோபாவின் படம் அதில் வட்டமாக இருந்தது.

"யாரு பேசுதது? நோட்டீஸ்ல இந்த நம்பர்தான் போட்டிருக்கு" என்றது ஒரு வயதான குரல். தெற்கத்திப் பேச்சு.

"எமரன்சியா பேசறேன். நீங்க?"

அந்தப் பக்கம் மின்ரம்பம் மரத்தை அறுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு கதவு சாத்தப்பட்டது. குரல் தாழ்ந்தது.

"ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட்டுட்டாரா?"

எமரன்சியா ஈரக்கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அது பின்கட்டு வழக்கம். ரேங்க் கார்டில் பெற்றோர் கையொப்பம் வாங்கி வர வேண்டும் என்று வகுப்பில் சொன்னால், ஒன்பது பேரும் சாயங்காலம் தங்கள் கார்டைச் சூசையப்பரின் உடைந்த விரலுக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பார்கள். காலைப் பூசைக்குப் போகும்போது எல்லாவற்றிலும் நீல மசியில் 'சூசை' என்று கையெழுத்து இருக்கும். மதர் கபிரியேலின் சாய்ந்த எழுத்து என்று ஒன்பது பேருக்கும் தெரியும். ஒருத்தியும் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. கணக்கில் ஃபெயிலானால், "அப்பா இன்னிக்கு ரொம்ப நேரம் யோசிச்சிருப்பாருடி" என்று மட்டும் பேசிக்கொள்வார்கள்.

"பொலி" என்றாள் எமரன்சியா.

"இன்னாமே, இன்னும் சாவலியா நீ?"

நாற்பத்தொன்பது வருஷத் தூத்துக்குடி ஒரு வார்த்தையில் உதிர்ந்துபோயிற்று. இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்க வெகு நேரம் பிடித்தது. எமரன்சியா அவசரமாகத் தேதியைச் சொன்னாள், மண்டபத்தைச் சொன்னாள், தன் வீட்டிலேயே தங்கலாம் என்றாள், கட்டில் ஒன்றுதான், ஆனால் அகலமானது என்றாள். இரட்டைப் பிள்ளைகளாக்கிவிட்டார்கள் என்பதையும் சொன்னாள்.

"வர முடியாதுட்டி" என்றாள் பொலிகார்ப்பம்மாள். குரல் தெற்கே திரும்பிவிட்டது. "அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். எம் மவன் வல்லரசு பட்டறை வச்சிருக்கான். 'சூசை மர வேலையகம்'னு பேரு. தாத்தா ரத்தம், தாத்தா தொழில்னு சொல்லிச் சொல்லி அவன் அந்த வேலைக்கே போனான். அவங்க அப்பாட்டகூடச் சாவற வரைக்கும் நான் வாயத் தொறக்கல. இப்ப இந்த நோட்டீஸை அவன்தான் கொண்டாந்து காட்டுனான். பட்டறைல ஒட்டி வச்சிருக்கான். நான் வந்தா அவனும் வருவான். வந்தா தாத்தா எந்த வூட்டுல இருந்தாருன்னு கேப்பான். பின்கட்டக் காட்டுவியா? ஒம்பது கட்டிலு போட்ட எடத்தக் காட்டுவியா?"

எமரன்சியா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"முட்டி வலின்னு சொல்லிட்டேன். நீ புஸ்தகத்துல உண்மை கிண்மை எழுதிப்புடாத. உனக்குப் புள்ளை குட்டி இருக்கா?"

"இல்ல."

"அதான் கேட்டேன். உனக்குப் போவ ஒண்ணுமில்ல" என்றாள். அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னாள். "இது பட்டறை நம்பரு. இதுல கூப்பிடாத, என்ன? மருமவதான் எடுப்பா." மறுபடியும் ரம்பச் சத்தம் பெரிதாகக் கேட்டது. "இருக்கட்டும்மே" என்று கடைசியாக ராயபுரத்துப் பேச்சில் சொல்லிவிட்டு வைத்தாள்.

நாற்பத்தொன்பது வருஷத்துக்கு ஆறு நிமிஷம் நாற்பது விநாடி என்று போன் காட்டியது. அந்த எண்ணை 'பொலி' என்று பதிந்துகொண்டாள். பிறகு யாரும் கூப்பிடவில்லை.

மலர் அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கும் தாளைச் சௌமியா அவளிடம் கொடுத்தாள். இதற்காக எமரன்சியா காத்திருந்தாள். நோட்டீஸ் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தி, உடனே கூட்டிக்கொண்டும் போய்விட்டது. இனி அந்தப் பொய்யால் அவளுக்குப் பிரயோசனம் இல்லை. தவிர, பதினேழு வருஷம் ஒன்பது பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட்ட மதர் கபிரியேலுக்கு வரலாற்றில் கால் வரி கொடுத்திருந்தார்கள். இல்லாத தச்சருக்கு முழுப் பக்கம். ஒரு மனுஷி செய்ததையெல்லாம் தூக்கி ஒரு சிலைக்குக் கொடுத்தாயிற்று. உண்மை சொல்வதென்றால் அந்தப் பெல்ஜியத்துக் கிழவிக்காகச் சொல்ல வேண்டும்.

பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். 'கபிரியேல்' என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, சேர்த்தாள். விடுதி மூடிய வருஷத்தைச் சேர்க்கலாம்தான். ஆனால் விடுதியே அந்தப் பக்கத்தில் இல்லை. தச்சர் சூசையின் பக்கத்துக்கு வந்தாள். 'பள்ளியின் பெஞ்சுகள் பலவற்றை இவரே செய்தார் என நம்பப்படுகிறது' என்றிருந்தது. யார் நம்பினார்கள் என்று தெரியவில்லை. ஜெயவேலின் படத்தில் தாடியைக் காணோம். தாடி வைத்தால் சாமியார் மாதிரி இருக்கிறது என்று குழு எடுத்துவிட்டதாம். முறுக்கு மீசை, அரைக்கைச் சட்டை, காதில் பென்சில். காலில் முன்பக்கம் மூடிய செருப்பு. விரல் தெரியவில்லை. ஜெயவேல் தன் தாய்மாமனைப் பார்த்து வரைந்ததாகப் பின்னால் ஒப்புக்கொண்டார்.

வெகுநேரம் அந்த மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்துவிட ஒரு கோடு போதும். தூத்துக்குடியில் யாரோ ஒருவன் இழைப்புளி பிடித்துக்கொண்டு, கைவந்த தொழில் பரம்பரையாக வந்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அவன் செய்த சோபா அசப்பில் நன்றாகத்தான் இருந்தது.

பென்சிலை வைத்துவிட்டு, பிழை ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

விழா நாளில் மேடையில் முன்வரிசை நாற்காலி. பொன்னாடை. பாட்டு, நடனம், நாடா வெட்டுகிறவர்களின் பேச்சு எல்லாம் முடிந்து, சாபிரா மைக்கைப் பிடித்தார். "ஒம்பது பொண்ணப் பெத்தவர் தலையில கை வெச்சுகினு உக்காருவார். இவரு ஒம்பதையும் ஸ்கூலுக்கு அனுப்புனாரு! டீச்சர், உங்க அத்தாவப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க."

எமரன்சியா எழுந்தாள். ஆயிரம் பெண்களாவது இருக்கும். பின்வரிசைகளில் அறுபதும் எழுபதுமான தலைகள். பொலியைத் தவிர ஏழு பேர் பாக்கி. போன் பண்ணத் தயங்கி, சும்மா வந்து உட்கார்ந்திருக்கலாம் இல்லையா? வேறு பெயரில், வேறு ஊரிலிருந்து, யாராவது ஒருத்தி.

"எங்க அப்பா அதிகமாப் பேச மாட்டாரு" என்றாள். "எங்கள ஒரு நாளும் அடிச்சதில்ல. ஒம்பது பேரையும் ஒரே மாதிரிதான் பார்த்தாரு."

கைதட்டினார்கள்.

"நாங்க எங்க போனாலும் அவரு நின்ன எடத்துலயே நிப்பாரு. நாங்க எப்ப வந்தாலும் வாசல்ல வலது பக்கம் இருப்பாரு. ஒரு தரம் கால் விரல் உடைஞ்சுது. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல."

முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தாள். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

"எவ்ளோ மோசமா மார்க் வாங்குனாலும் ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட்டுடுவாரு. ஆனா காலையிலதான் தருவாரு."

இங்கே நிறுத்தினாள். இந்த இடத்தில் சிரிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் எட்டே பேர். கைதட்டல் அடங்கட்டும் என்று காத்திருந்தாள். கூட்டத்தைக் கடைசி வரிசை வரை ஒரு முறை பார்த்தாள், மறுபடியும் ஒரு முறை பார்த்தாள். எல்லோரும் உருகிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்தபின் சிற்றாலயத்துக்குப் போய்ப் பார்த்தாள். விழாவுக்காக எல்லாச் சிலைகளுக்கும் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சூசையப்பருக்குப் பிளாஸ்டர் வைத்து, விரலைப் புதிதாகச் செய்து ஒட்டியிருந்தார்கள். நல்ல வேலைப்பாடு. எந்த விரல் என்று தெரியாதவர்களுக்குத் தெரியவே தெரியாது.

மலரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை புஷ்பவல்லி நெத்திலிக் கருவாட்டோடு வந்து, எழுத்தை விட்டுவிட்டுப் படம் மட்டும் பார்த்தபடி புரட்டினாள். சூசையின் பக்கத்தில் நின்றாள்.

"இது யாரு?"

"எங்க அப்பா."

புஷ்பவல்லி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூக்கு அப்பிடியே உன்னுது டீச்சரக்கா. ஜாடை எங்கியும் போவாது. மீசைய எட்த்துட்டா நீதான்."

ஜெயவேலின் தாய்மாமனுக்கு அவள் என்ன உறவோ! எமரன்சியா எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தாள். கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

கூப்பிடக் கூடாது என்றுதான் பொலி சொன்னாள், அனுப்பக் கூடாது என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பட்டறை எண்ணுக்கு அனுப்பினாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு கோடும் நீலமாயின. பதில் இல்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அந்த வட்டத்தில் சோபாவைக் காணோம். முறுக்கு மீசையும் காதில் பென்சிலுமாகச் சூசை இருந்தார். தொட்டுப் பெரிதாக்கினாள். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் 'நிறுவனர்' என்று போட்டிருந்தார்கள். மகன் மாற்றியதா, அம்மா மாற்றச் சொன்னதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

போனை அலமாரியில் பிராங்கிளினின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். முதல் முறையாக மாமனாரும் மருமகனும் பக்கம் பக்கமாக நின்றார்கள். அரை நிமிஷத்தில் திரை தானாக அணைந்தது. விரலால் தொட்டாள். வந்தார். மறுபடியும் அணைந்தது. அடுப்பில் சோறு பொங்கும் வரை தொட்டுக்கொண்டே இருந்தாள்.